கணக்குக் கொப்பியும் காந்தியடிகளும்

1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கஸ்தூரிபாவும் ராஜாஜியும் உடன் வந்திருந்தனர். இந்தியக் கிராமங்களில் நூல் நூற்றுப் பிழைக்கும் ஏழைகளுக்காகக் கதர் நிதி திரட்டுவதே அந்தப் பயணத்தின் முதன்மையான நோக்கம். கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களுக்கும் சென்ற அவர், எமது மருதானைக்கும் வந்தார். ஆனந்தாக் கல்லூரியிலும், ஜனாப் ரி. பி. ஜாயா அதிபராக இருந்த ஸாஹிராக் கல்லூரியிலும் மாணவர் முன் உரையாற்றினார். இலங்கை மக்கள் அந்த நிதிக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கும் மேல் அள்ளிக் கொடுத்தார்கள். செல்வந்தர் கொடுத்தார்கள், கூலி வேலை செய்வோரும் கொடுத்தார்கள்.

ஒரு மனிதரை நம்பி இவ்வளவு பணத்தை மக்கள் எப்படிக் கொடுத்தார்கள்? கொடுத்த ஒவ்வொரு சதத்துக்கும் அவரிடம் கணக்கு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை மகாத்மா என்ற பட்டத்தோடு வந்ததன்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டனில் ஓர் அறையில், படுக்கப் போகுமுன் அன்றைய செலவை எழுதிக் கூட்டிப் பார்த்த ஓர் இளைஞனிடம் அது தொடங்கியது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஒக்டோபர் 2 ஆம் திகதி போர்பந்தரில் பிறந்தார். தந்தை சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். ஆயினும் பெருஞ்செல்வம் எதையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகவில்லை. மகன் பதினாறு வயதாக இருக்கும்போதே அவர் காலமானார். குடும்ப நண்பர் ஒருவர், இங்கிலாந்துக்குப் போய்ப் பரிஸ்டர் படிப்பு முடித்து வர நாலாயிரம் ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் ஆகாது என்றார். ஆனால் அந்தப் பணம் வீட்டில் இல்லை. மனைவி கஸ்தூரிபாவின் நகைகளை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் தேறும் என்றுகூட இளைஞர் காந்தி எண்ணினார். மூத்த அண்ணன் லட்சுமிதாஸ் எப்படியாவது பணம் தேடித் தருவதாகப் பொறுப்பேற்றார். கடல் கடந்து போகக்கூடாது என்று பம்பாயில் சாதித் தலைவர்கள் தடை போட்டு, அவரைச் சாதியிலிருந்து விலக்கியும் வைத்தனர். அதற்குப் பயந்து, பயணப் பணத்தை வைத்திருந்த உறவினர் அதைக் கொடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் 1888 செப்டெம்பர் 4 ஆம் திகதி அவர் கப்பல் ஏறினார். மதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை. மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தனர்.

இவ்வளவு சிரமப்பட்டுத் தேடிய பணத்தை அவர் எப்படிச் செலவு செய்தார்? முதலில் நன்றாகச் செலவு செய்யவில்லை என்பதே உண்மை.

இலண்டனில் இறங்கியதும் தங்கிய விக்டோரியா ஹோட்டலின் கட்டணம் மூன்று பவுண் என்று அறிந்து அவர் அதிர்ந்து போனார். பின்னர் ஒரு விதவையின் வீட்டில் வாரக் கட்டணத்துக்குத் தங்கினார். அங்கே மரக்கறி உணவு அவருக்குப் போதவில்லை. அரை வயிறும் நிறையாமல் நாட்கள் போயின. ஒரு நாள் பரிங்டன் வீதியில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்து, இங்கிலாந்துக்கு வந்தபின் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் உணவில்தான் நாகரிகக் குறைவு, மற்றவற்றிலாவது ஆங்கிலக் கனவானாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. பம்பாயில் தைத்த உடைகள் இலண்டனுக்குப் பொருந்தாதவையாகத் தோன்றின. பத்தொன்பது ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி வாங்கினார். நாகரிகத்தின் உச்சமான பொண்ட் வீதியில் பத்துப் பவுணுக்கு மாலை நேர உடை தைத்தார். அண்ணனுக்கு எழுதி, தங்கத்தில் இரட்டைச் சரக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். நடனம் கற்க மூன்று பவுண். மேலைத்தேய இசை பிடிபடட்டும் என்று ஒரு வயலினுக்கு மூன்று பவுண். பேச்சுக்கலை ஆசிரியருக்கு ஒரு கினி. நாள்தோறும் பெரிய கண்ணாடியின் முன் நின்று கழுத்துப்பட்டி கட்டவும் தலைமயிர் வாரவும் பத்து நிமிடம். நடன வகுப்பிலோ கால் தாளத்துக்கு அசைய மறுத்தது.

இந்த மயக்கம் மூன்று மாதம் நீடித்தது. பிறகு அவராகவே விழித்துக்கொண்டார். தான் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தில் இருக்கப் போவதில்லை, வந்தது படிப்பதற்கு, செலவாவதோ அண்ணனின் பணம். நடனத்தை விட்டார், பேச்சுக்கலையை விட்டார். வயலினைக் கிடைத்த விலைக்கு விற்றுத் தரும்படி ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டார். அந்த அம்மையார் அவரை ஏளனம் செய்யவில்லை, உற்சாகப்படுத்தினார்.

அந்தக் காலத்தில் அவர் கடைப்பிடித்த பழக்கம் ஒன்று மிகச் சிறியது. செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதினார். பஸ் கட்டணம், தபால் முத்திரை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எதுவும் விடுபடவில்லை. இரவு படுக்குமுன் வரவையும் செலவையும் கூட்டி, கையிருப்பைச் சரிபார்த்தார். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாது என்பதுதான் கடினம்.

எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோது, பணம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு குடும்பத்தோடு தங்கியிருப்பதால் வாரக் கட்டணம் எப்படியும் கொடுத்தாக வேண்டும். வெளியே சாப்பிட்ட நாளிலும் அது குறையாது. மரியாதைக்காக அந்த வீட்டாரை இடையிடையே வெளியே விருந்துக்கு அழைத்துப் போகவும் வேண்டும். வண்டிச் செலவும் சேரும். ஆகவே தனியே அறை எடுத்தார். படிக்கும் இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகக்கூடிய இடமாகப் பார்த்து எடுத்தார். வண்டிச் செலவு மிஞ்சியது. நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடந்ததில் உடம்பும் நோய் நொடியின்றி இருந்தது. செலவு பாதியாகக் குறைந்தது.

பின்னர் இன்னும் ஒரு படி இறங்கினார். தம்மைவிட எளிமையாக வாழும் மாணவர்கள் இலண்டனில் இருப்பதைக் கண்டார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கிக் காலை உணவைத் தாமே சமைத்தார். ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் ஆயத்தம் செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மதியம் வெளியே சாப்பாடு. இரவில் பாணும் கொக்கோவும். இப்படி நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்ந்தார். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண் என்பது அக்காலக் கணக்கு. அதன்படி பார்த்தால், முன்பு தைத்த அந்தப் பத்துப் பவுண் உடையின் விலையில் 160 நாட்கள் சாப்பிட்டிருக்கலாம்.

சிக்கனமாக இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாழ்கிறார் என்று நாம் நினைக்கிறோம். இந்த மாணவரின் வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. ஊரிலிருந்து வரும் இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தியபோது, முன்பு சப்பென்றிருந்த வெறும் அவித்த கீரையே ருசிக்கத் தொடங்கியது. ருசி நாவில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று அப்போது அறிந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதி வைத்தார். மரக்கறி உணவுச் சங்கத்தில் சேர்ந்து நிறைய நண்பர்களைத் தேடிக்கொண்டார். தாம் வசித்த பகுதியில் ஒரு சிறு கழகமும் தொடங்கினார். சட்ட மாணவர்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டிய விருந்துகளிலே நாலு பேருக்கு இரண்டு போத்தல் மது கொடுப்பார்கள். குடிக்காத காந்தியைத் தங்கள் மேசைக்கு இழுத்துக்கொள்ள மற்ற மாணவரிடையே பெரிய போட்டி!

பாரிஸ் நகரில் பெரிய கண்காட்சி நடந்தபோது அதையும் பார்க்கப் போனார். மரக்கறி உணவகம் ஒன்றிலே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே நகரைச் சுற்றினார். ஆனால் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ஈபெல் கோபுரத்தின் முதல் தளத்தில் ஓர் உணவகம் இருப்பதைக் கண்டதும், அவ்வளவு உயரத்தில் இருந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங் செலவழித்து மதிய உணவு சாப்பிட்டார். அது அவருடைய ஐந்தரை நாள் சாப்பாட்டுச் செலவு. கணக்கு எழுதுகிறவருக்கு இப்படி ஒரு நாள் செலவழிக்க முடிகிறது. மீதி நாட்களின் கணக்குச் சரியாக இருப்பதால், அந்த ஒரு நாளின் மகிழ்ச்சியில் அச்சம் கலப்பதில்லை.

1891 ஜூனில் பரிஸ்டராகி ஊர் திரும்பினார். இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இலண்டனில் அவருடைய செலவைக் குறைத்த அதே ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் ராஜ்கோட் வீட்டுக்குள் புதிய நாகரிகமாக நுழைந்தன. கூடவே ஐரோப்பிய உடையும் வந்தது. வீட்டுச் செலவு ஏறியது. தம்பி பெரும் பணம் சம்பாதிப்பார் என்று நம்பியிருந்த அண்ணனின் சுமையும் ஏறியது. பம்பாயில் தொழிலும் நடக்கவில்லை. ஓர் ஊரில் சிக்கனமாக இருந்த பொருள் இன்னோர் ஊரில் ஆடம்பரமாகிவிடுகிறது. வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்ப்பதுதான் சிக்கனம். குறிப்பிட்ட ஒரு பொருளை வாங்குவதும் வாங்காதிருப்பதும் சிக்கனமாகிவிடாது.

1893 இல், போர்பந்தர் முஸ்லிம் வணிகரான தாதா அப்துல்லாவின் நிறுவனம் ஒரு வழக்குக்காக அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்தது. ஓராண்டுக்கு 105 பவுண் சம்பளம். பயணச் செலவு வேறு. வழக்கு முழுவதும் வணிகக் கணக்குகளாக இருந்தபடியால், கணக்குப் பதிவு நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். தாதா அப்துல்லாவும் எதிராளியான தையப் சேட்டும் உறவினர். வழக்கை நீட்டினால் இருவரும் அழிவார்கள் என்று கண்டு, நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இணங்கச் செய்தார். தாதா அப்துல்லாவே வென்றார். ஆனால் ஏறக்குறைய 37,000 பவுணையும் செலவுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டினால் தையப் சேட் வங்குரோத்தாகி விடுவார். நீண்ட காலத்தில் தவணை தவணையாகக் கட்டலாம் என்று தாதா அப்துல்லாவைச் சம்மதிக்க வைக்க, காந்தி வழக்கை முடிக்கப் பட்டதைவிடக் கூடுதலான பாடு பட்டார். கடன் கொடுத்தவர் கால அவகாசம் கொடுத்தார். கடன்பட்டவர் மானத்தோடு கட்டி முடித்தார். கஷ்டப்படுகிற கடனாளிக்குத் தவணை கொடுக்கும்படி எமது மார்க்கமும் கற்பிப்பது வாசகியர் அறிந்ததே.

1894 இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது, வாங்கிய ஒவ்வொரு சிறு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்தார். இலண்டனில் தன் காசுக்கு எழுதிய கை, இப்போது ஊர்க் காசுக்கும் அதே கவனத்தோடு எழுதியது.

வீட்டுச் செலவைக் குறைக்க அவர் செய்த சில முயற்சிகள் சிரிப்பை மூட்டுபவை. சலவைக்காரரின் கட்டணம் அதிகம் என்று, உடை வெளுக்கும் முறை பற்றி ஒரு நூல் வாங்கிப் படித்துத் தாமே சட்டைக் கொலரை வெளுத்தார். கஞ்சிப்பசை கூடிவிட்டது, இஸ்திரிப்பெட்டி சூடாகவில்லை. அதை அணிந்துகொண்டு நீதிமன்றம் போக, கொலரிலிருந்து பசை உதிர்ந்தது. சக வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்தபோது, கத்தரி வாங்கிக் கண்ணாடியின் முன் தாமே வெட்டினார். முன்பக்கம் ஓரளவு சரி. பின்பக்கமோ எலி கடித்ததுபோல் இருந்தது. அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். பழகப் பழக வெளுக்கும் கலை அவருக்கு நன்றாகவே கைவந்தது.

எல்லாமே சிரிப்பில் முடியவில்லை. 1901 இல் அவர் நேட்டாலை விட்டுப் புறப்பட்டபோது, மக்கள் பொன்னும் வெள்ளியும் வைரமும் பரிசாகக் கொடுத்தனர். அவற்றுள் கஸ்தூரிபாவுக்கென்று கொடுத்த 50 கினி பெறுமதியான தங்க மாலையும் ஒன்று. ஒரு கினி 21 ஷில்லிங் என்பதால், அந்த மாலை காந்தியின் முதலாண்டுச் சம்பளத்தில் சரி பாதி. பொதுச் சேவைக்குக் கிடைத்தவை பொதுமக்களுக்கே உரியவை என்று அவர் இரவெல்லாம் தூங்காமல் யோசித்து முடிவு செய்தார். பிள்ளைகளை முதலில் இணங்கச் செய்தார். கஸ்தூரிபா இணங்கவில்லை. நாளை வரும் மருமக்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார். தன் நகைகள் ஏற்கனவே போனதைச் சொன்னார். கணவர் செய்த சேவையில் வீட்டிலே இரவு பகலாகத் தான் உழைத்த உழைப்பும் அடங்கும் என்று கண்ணீரோடு வாதாடினார். கடைசியில் பரிசுகள் அனைத்தும் பொதுநிதியாயின. அந்த நிதி பின்னர் சமூகத்துக்கு எத்தனையோ வகையில் உதவியது.

காந்தியின் முடிவு உயர்ந்ததே. ஆயினும் கஸ்தூரிபாவின் வாதத்தையும் நாம் தட்டிவிடக் கூடாது. அவரது வாதத்தின் கூர்மையைக் காந்தியே மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். வீட்டில் சிக்கனம் என்று வரும்போது, அதன் பாரம் முதலில் பெண்ணின் தோளில்தான் விழுகிறது. அடுப்படியில் அரிசியை அளந்து போடுகிறவளும், தன் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறவளும் அவளே. கணக்கைக் கணவர் மட்டும் பார்த்து, முடிவை மட்டும் மனைவிக்குச் சொன்னால் அது பாதிக் கணக்கு. உழைத்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பதே முழுக் கணக்கு.

சேர்ந்து வாழும் எளிமை எவ்வளவு இனிமையாக இருக்கும் என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது. 1910 இல் ஜொஹனஸ்பேர்க் நகரிலிருந்து 21 மைல் தூரத்தில் டோல்ஸ்டோய் பண்ணை தொடங்கப்பட்டது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கே குறைந்த செலவில் வாழ்ந்தன. தமிழர் பலர் இருந்தனர். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவ, பார்ஸி பிள்ளைகள் ஒன்றாகப் படித்தனர். செருப்புத் தைப்பது, தச்சு வேலை, சமையல் எல்லாம் அவர்களே செய்தனர். சொந்த வேலையாக நகரத்துக்குப் போவோர் நடந்தே போக வேண்டும் என்பது விதி. றமழான் வந்தபோது முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு பிடிப்பதற்குக் காந்தி ஊக்கம் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கூடவே ஒரு நேர உணவோடு இருந்தனர். ஆனால் அவர்கள் சூரியன் மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே முன்னதாகச் சாப்பிட்டு முடித்து, முஸ்லிம் தோழர்களின் நோன்பு திறப்புக்கு நல்ல பலகாரங்கள் செய்து பரிமாறினார்கள். கையில் காசு குறைந்த அந்தப் பண்ணையில் நோன்பு காலம் ஒரு கொண்டாட்டமாகவே கழிந்தது.

பின்னாளில் அவர் கைகளினூடாக இலட்சக்கணக்கான பொதுப்பணம் போனது. அப்போதும் வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தை வீசாமல் அதில் எழுதினார். 1931 இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோது, கிழக்குப் பகுதியில் தொழிலாளர் மத்தியில் இருந்த கிங்ஸ்லி மண்டபத்தில் ஒரு சிறிய அறையில் தங்கினார். அயலிலிருந்த பிள்ளைகள் அவருக்கு நண்பர்களானார்கள்.

அளவு மீறிச் செலவழிப்பதும் தவறு, கைமூடி இருப்பதும் தவறு, இரண்டுக்கும் நடுவே நிற்பதே நல்லடியார் பண்பு என்பது அல்-குர்ஆன் எமக்குக் காட்டும் வழி. அந்த நடுவழி எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறுபடும். எழுதிப் பார்த்தால்தான் அது தெரியும்.

மாணவியருக்கு இதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் பேனையும் மட்டுமே. பஸ் காசு, இடைவேளையில் வாங்கும் சிற்றுண்டி, தொலைபேசி ரீலோட், தோழியின் பிறந்தநாள் பரிசு எல்லாவற்றையும் ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். யாரும் உங்களைத் திட்ட வேண்டியதில்லை; எதைக் குறைக்கலாம் என்று அந்தக் கொப்பியே சொல்லிவிடும். எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் அது சொல்லும். காலிமுகத்திடலில் குடும்பத்தோடு கழிக்கும் ஒரு மாலைப் பொழுதும், ஒரு நல்ல புத்தகமும் அந்த வரிசையில் இருக்கட்டும். ஸதகாவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, சீட்டுக் காசு எவ்வளவு, அடகில் இருக்கும் நகைக்கு வட்டி எவ்வளவு என்பதைப் பிள்ளைகளிடம், சிறப்பாகப் பெண் பிள்ளைகளிடம், மறைக்காதீர்கள். இல்லை என்ற சொல்லை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை மனம் கசக்கும். ஏன் இல்லை என்று கணக்கில் பார்த்த பிள்ளை, பெருநாள் உடுப்பைத் தெரிவு செய்யும்போது தானாகவே விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும். நாளை அவள் ஒரு வீட்டை நடத்தும்போது, கணக்குப் பார்க்கும் மேசையில் அவளுக்கும் ஒரு கதிரை இருக்கும்.